பேக்கப்பும் ஃபைல் சிஸ்டமும்: எங்கே ஒத்துப்போகாது, எப்படிச் சரிசெய்வது

பேக்கப் மென்பொருள் எதை எடுத்துப் பார்த்தாலும் "என்டிஎஃப்எஸ், ஃபேட்32, எக்ஸ்ஃபேட், எக்ஸ்ட்4, ஏபிஎஃப்எஸ் அனைத்துக்கும் சப்போர்ட் உண்டு" என்று ஒரு வரி இருக்கும். அவை ஃபைல் சிஸ்டங்களின் பெயர்கள்; டிஸ்க்கில் கோப்புகளை எப்படி அடுக்கி வைப்பது என்ற ஒழுங்குமுறைதான் ஃபைல் சிஸ்டம். அந்த 'சப்போர்ட்' என்ற சொல்லுக்குள் ஐந்து தனித்தனி வேலைகள் ஒளிந்திருக்கின்றன. டிஸ்க்கை செக்டர் செக்டராக (செக்டர் என்பது டிஸ்க்கின் மிகச் சிறிய சேமிப்பு அலகு) அப்படியே பிரதி எடுப்பது ஒன்று. தரவு இருக்கும் பகுதியை மட்டும் பிரித்தறிந்து எடுப்பது இன்னொன்று. எடுத்த இமேஜை (டிஸ்க்கின் பிரதி அடங்கிய கோப்பை) திறந்து அதிலிருந்து ஒரே ஒரு கோப்பை வெளியே எடுப்பது மூன்றாவது. பெரிய டிஸ்க்கின் இமேஜைச் சிறிய டிஸ்க்கில் சுருக்கி இறக்குவது நான்காவது. அழித்த கோப்பை மீட்பது ஐந்தாவது. முதலாவதைச் செய்ய ஃபைல் சிஸ்டம் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. டிஸ்க்கில் என்ன இருந்தாலும் பிரதி விழும். ஐந்தாவதற்கு அதன் உள்ளமைப்பு முழுக்கத் தெரிய வேண்டும். முதலாவதை மட்டும் செய்யும் மென்பொருளும் 'சப்போர்ட் உண்டு' என்றுதான் போட்டுக்கொள்ளும்.

ஆகவே மென்பொருளை வாங்குவதற்கோ இறக்குவதற்கோ முன், இந்த ஐந்தில் உங்களுக்கு எது வேண்டும், எந்த ஃபைல் சிஸ்டத்துக்கு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உதாரணமாக, டிஸ்க் பிரதி எடுக்கும் குளோன்ஸில்லா என்ற மென்பொருள் தனக்குத் தெரிந்த ஃபைல் சிஸ்டத்தில் பார்ட்குளோன் என்ற கருவியை வைத்து, பயன்பாட்டில் உள்ள பகுதியை மட்டும் எடுக்கும். தெரியாததைச் செக்டர் செக்டராக எடுக்கும். ஆனால் அந்த இமேஜிலிருந்து ஒரு கோப்பை மட்டும் எடுக்க நேரடி வழி இல்லை. பொதுவாக இறக்கும் டிஸ்க்கும் பழையதன் அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அது அந்தக் கருவியின் குறையல்ல, அது செய்யப்பட்டதே முழு டிஸ்க் வேலைக்காக. தினமும் ஒரு எக்செல் கோப்பைத் தொலைப்பவருக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான்.

படி 1: கையில் இருப்பதை அறிவது

விண்டோஸில் விண்டோஸ் விசையுடன் எக்ஸ் விசையை அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் 'ஃபைல் சிஸ்டம்' என்ற பத்தியில் எழுதியிருக்கும். மேக்கில் டிஸ்க் யூட்டிலிட்டியைத் திறந்து, வியூ மெனுவில் எல்லாச் சாதனங்களையும் காட்டும்படி மாற்றிவிட்டுப் பாருங்கள். லினக்ஸில் எல்எஸ்பிஎல்கே கட்டளையை எஃப் என்ற ஆப்ஷனோடு கொடுத்தால் போதும்.

சி டிரைவை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். இன்றைய விண்டோஸ் கணினியில் பூட் ஆவதற்கென ஃபேட்32-இல் ஒரு சிறு ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் (டிஸ்க்கின் தனிப் பிரிவு) இருக்கும், பெரும்பாலும் 100 எம்பி. எந்த ஃபைல் சிஸ்டமும் இல்லாத 16 எம்பி ஒதுக்கீட்டுப் பார்ட்டிஷன் ஒன்றும், ரெக்கவரிக்கான என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் ஒன்றும் இருக்கும். சி டிரைவை மட்டும் இமேஜ் எடுத்துவிட்டுப் புது எஸ்எஸ்டியில் இறக்கினால் கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்கும், கணினி மட்டும் பூட் ஆகாது. முழு டிஸ்க்கையும் தேர்ந்தெடுங்கள்.

கூடவே டிஸ்க் ஜிபிடி முறையா, எம்பிஆர் முறையா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்று டிஸ்க்கில் குறித்துவைக்கும் இரு முறைகள் இவை; எம்பிஆர் பழையது. 512 பைட் செக்டர் உள்ள டிஸ்க்கில் எம்பிஆர் முறையால் 2 டிபிக்கு மேல் கையாள முடியாது. 1 டிபி எம்பிஆர் டிஸ்க்கை 4 டிபி டிஸ்க்கில் அப்படியே குளோன் செய்தவர்கள், மீதி இடம் ஏன் வரமாட்டேன் என்கிறது என்று தேடுவது இதனால்தான்.

படி 2: பேக்கப் போய்ச் சேரும் டிஸ்க்கை ஃபார்மேட் செய்வது

பெரும்பாலான சிக்கல்கள் பிறக்கும் இடம் இது. கடையில் வாங்கும் பென் டிரைவும் வெளி ஹார்டு டிஸ்க்கும் ஏற்கெனவே ஏதோ ஒன்றில் ஃபார்மேட் ஆகித்தான் வரும். அதை அப்படியே பயன்படுத்துவது நம் பழக்கம்.

ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4,294,967,295 பைட்டைத் தாண்டக் கூடாது. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. டிஸ்க்கில் 900 ஜிபி காலியாக இருந்தாலும் 4 ஜிபியைத் தொட்டதும் "இடமில்லை" அல்லது "கோப்பு மிகப் பெரியது" என்று பேக்கப் நின்றுவிடும். சில மென்பொருள்கள் இமேஜைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுச் சமாளிக்கும். வெட்டிப் போட்டதில் ஒரு துண்டு பழுதானாலும் முழு இமேஜும் திறக்காமல் போகலாம். யார் திறக்கலாம், யார் மாற்றலாம் என்ற உரிமை விவரங்களை ஃபேட்32 சேமிக்காது. கோப்பு மாற்றப்பட்ட நேரத்தை 2 வினாடித் துல்லியத்தில்தான் வைத்துக்கொள்ளும். அதுவும் உள்ளூர் நேரமாக, எந்த நேர மண்டலம் என்ற குறிப்பே இல்லாமல். அந்த நேரத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்ளும் ஒரு சாதனத்தில் அதே கார்டைப் போட்டால் எல்லாக் கோப்புகளும் ஐந்தரை மணி நேரம் தள்ளித் தெரியும். மாறியதை மட்டும் எடுக்கும் பேக்கப் மென்பொருள் அப்போது எல்லாமே மாறிவிட்டதாக நினைத்து முழுவதையும் மறுபடி எடுக்கும்.

எக்ஸ்ஃபேட் 4 ஜிபி தடையை நீக்குகிறது. விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதலாம். மைக்ரோசாஃப்ட் 2019-இல் அதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளும் வந்துவிட்டது. அதனால்தான் 'எல்லாவற்றுக்கும் எக்ஸ்ஃபேட்' என்று பலரும் சொல்கிறார்கள். வீடியோவை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போக அது சரி. பேக்கப்புக்கு நாங்கள் அதைக் கடைசியில்தான் வைப்போம். அதில் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் கழன்றாலோ கரண்ட் போனாலோ சரிசெய்துகொள்ளக் குறிப்பேடு இல்லை. உரிமைகள், சிம்பாலிக் லிங்க் (இன்னொரு கோப்பின் பாதையைச் சுட்டும் குறிப்பு), ஹார்டு லிங்க் (ஒரே தரவுக்கு இன்னொரு பெயர்) எதுவும் இல்லை. மாறாத கோப்புக்கு ஹார்டு லிங்க் போட்டு இடத்தை மிச்சப்படுத்தும் லினக்ஸ் பேக்கப் முறைகள் எக்ஸ்ஃபேட்டில் ஒன்று தோற்கும், அல்லது ஒவ்வொரு முறையும் முழுப் பிரதி எடுத்து டிஸ்க்கை நிரப்பும்.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை விண்டோஸில் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்தால் கிளஸ்டர் அளவு (ஒரு கோப்புக்கு ஒதுக்கும் குறைந்தபட்ச இடம்) தானாக 128 கேபி ஆகிவிடும். 1 கேபி உள்ள கோப்பும் 128 கேபி இடத்தைப் பிடிக்கும். அப்படி 1,00,000 சிறு கோப்புகள் இருந்தால் உண்மையான தரவு சுமார் 100 எம்பி; டிஸ்க்கில் போவது 12 ஜிபிக்கு மேல். என்டிஎஃப்எஸ்ஸில் 16 டிபி வரை இயல்பான கிளஸ்டர் 4 கேபிதான்.

விண்டோஸ் மட்டும் இருக்கும் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் என்டிஎஃப்எஸ் போதும், வேறு யோசனை வேண்டாம். விண்டோஸுடன் வரும் பழைய சிஸ்டம் இமேஜ் வசதியும் வெளி டிஸ்க் என்டிஎஃப்எஸ்ஸில் இருந்தால்தான் ஏற்கும். மேக் அதைப் படிக்கும், எழுதாது. லினக்ஸ் இரண்டையும் செய்யும், 5.15 கர்னலில் இருந்து அதற்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது, அதற்கு முன்பிருந்தே என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற தனி டிரைவர் உண்டு.

மேக்குடன் வரும் பேக்கப் வசதியான டைம் மெஷினுக்குத் தனி டிஸ்க் கொடுங்கள். மேக் இயங்குதளத்தின் பிக் சர் பதிப்பிலிருந்து புது டிஸ்க்கை அது ஏபிஎஃப்எஸ்ஸாக மாற்றிக்கொள்ளும். அதற்கு முன் எச்எஃப்எஸ் பிளஸ். இரண்டையுமே விண்டோஸ் தானாகப் படிக்காது. "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும் அந்தப் பெட்டியில் யாராவது பழக்கத்தில் 'ஆம்' அழுத்திவிட்டால் கதை முடிந்தது. டிஸ்க்கின் மேல் 'மேக்' என்று ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள். இதைவிட மலிவான பாதுகாப்பு இல்லை.

லினக்ஸ் தரவுக்கு எக்ஸ்ட்4. பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் இரண்டிலும் ஸ்னாப்ஷாட்டை (ஒரு குறிப்பிட்ட நொடியில் தரவு இருந்த நிலையின் பதிவை) அனுப்பிப் பெறும் வசதி அருமையானது; தரவுக்குச் செக்சம் (சரிபார்ப்பு எண்) வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கவும் செய்யும். ஆனால் பெறும் பக்கமும் அதே ஃபைல் சிஸ்டமாக இருந்தால்தான் ஸ்னாப்ஷாட் ஸ்னாப்ஷாட்டாக இறங்கும்.

மேக், விண்டோஸ், லினக்ஸ் மூன்றும் ஒரே டிஸ்க்கில் பேக்கப் ஆக வேண்டுமென்றால் மூன்று பார்ட்டிஷன் போடுவதைவிட ஒரு என்ஏஎஸ் (நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி) வாங்குவது மேல். நெட்வொர்க் வழியாக எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறையில் எழுதும்போது உள்ளே இருப்பது எக்ஸ்ட்4-ஆ, பிடிஆர்எஃப்எஸ்ஸா என்று உங்கள் கணினி கவலைப்படாது. அல்லது ரெஸ்டிக் போன்ற கருவிகளைப் பயன்படுத்துங்கள். இவை கோப்புகளைத் தம் சொந்த வடிவத்தில் சிறு பொதிகளாக வைத்துக்கொள்பவை. உரிமை, லிங்க், பெயர் எல்லாம் பொதிக்குள் இருப்பதால் வெளியே எக்ஸ்ஃபேட் இருந்தாலும் அவை தொலையாது.

தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகள்

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் வரும் இரண்டு சிக்கல்கள் உண்டு. பொதுவான வழிகாட்டிகளில் இவை இருக்காது.

முதலாவது நீளம். என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 யூடிஎஃப்-16 அலகுகளைத் தருகிறது; தமிழில் ஒரு குறியீட்டுக்கு ஓர் அலகு. எக்ஸ்ட்4 தருவது 255 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். தமிழில் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் 3 பைட் பிடிக்கும். மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனிக் குறியீடுகள். 'தீபாவளி' என்பது நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு குறியீடு, எக்ஸ்ட்4-க்கு 21 பைட். ஆக எக்ஸ்ட்4-இல் ஒரு தமிழ்ப் பெயர் 85 குறியீட்டைத் தாண்ட முடியாது. எழுத்துக் கணக்கில் சுமார் 50-தான் தேறும். ஈகிரிப்ட்எஃப்எஸ் மூலம் குறியாக்கம் செய்த ஃபோல்டரில் வரம்பு 143 பைட், அதாவது 47 குறியீடு. விண்டோஸில் மகிழ்ச்சியாக இருந்த நீளப் பெயர்க் கட்டுரைக் கோப்புகள் என்ஏஎஸ்ஸுக்குப் போகும்போது "பெயர் மிக நீளம்" என்று விடுபடுவது இதனால்தான். பேக்கப் பதிவேட்டைப் படிக்காதவருக்கு விடுபட்டதே தெரியாது.

இரண்டாவது ஒகர ஓகார ஔகாரக் குறிகள். 'போட்டோ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. எச்எஃப்எஸ் பிளஸ் எல்லாப் பெயரையும் பிரித்த வடிவிலேயே சேமிக்கும். விண்டோஸும் லினக்ஸும் கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கும். பழைய மேக் டிஸ்க்கிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு ஆர்சிங்க் என்ற கோப்புப் பிரதிக் கருவியை ஓட்டினால், ஒரே பெயரில் இரண்டு 'போட்டோ' ஃபோல்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று 18 பைட் பெயர், மற்றது 24 பைட். 'கௌரி', 'கொடைக்கானல்' எல்லாவற்றுக்கும் இதே கதிதான், 'அம்மா'வுக்கு வராது. மேக்கில் ஆர்சிங்கின் 3-ஆம் பதிப்பை நிறுவி, ஐகான்வ் ஆப்ஷனில் மேக் பக்கத்துக்கு யூடிஎஃப்-8-மேக் என்றும் மறுபக்கத்துக்கு யூடிஎஃப்-8 என்றும் கொடுத்தால் சரியாகும். ஏற்கெனவே இரட்டையாகிவிட்டால் உள்ளடக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஒன்றை அழியுங்கள்.

எல்லா மொழிக்கும் பொதுவான பெயர்ச் சிக்கல்களும் உண்டு. லினக்ஸில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபட்ட இரு கோப்புகள் ஒரே ஃபோல்டரில் இருக்கலாம். விண்டோஸிலும் இயல்பான மேக்கிலும் இறக்கும்போது ஒன்று மற்றதன் மேல் எழுதிவிடும். முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, செங்குத்துக்கோடு உள்ள பெயர்களையும், புள்ளியிலோ இடைவெளியிலோ முடியும் பெயர்களையும் விண்டோஸ் ஏற்காது.

படி 3: எடுப்பதற்கு முன் மூலக் கணினியைத் தயார்செய்வது

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், 'ஷட் டவுன்' என்பது பாதித் தூக்கம்தான். என்டிஎஃப்எஸ் முழுதாக மூடப்படுவதில்லை. அந்த நிலையில் லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து இமேஜ் எடுக்கப் போனால், 'ஹைபர்னேட் ஆன நிலை' என்று கருவி மறுக்கும். அல்லது டிஸ்க் படிக்க மட்டும் திறக்கும். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். ரீஸ்டார்ட் கொடுத்தாலும் முழுதாக மூடித்தான் திறக்கும்.

டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே பல கணினிகளில் குறியாக்கம் தானாக இயங்கிவிடுகிறது. பலருக்கு அது தெரியாது. விண்டோஸுக்குள் இருந்து எடுக்கும் பேக்கப்பில் கோப்புகள் திறந்த நிலையில்தான் போகும், ஆகவே பேக்கப்புக்குத் தனியாகக் கடவுச்சொல் போடுங்கள். வெளியிலிருந்து பூட் செய்து எடுத்தால் கருவிக்கு உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது. 60 ஜிபி தரவு உள்ள 1 டிபி டிஸ்க்குக்கு முழு 1 டிபி இமேஜ் வரும், பெரும்பாலும் சுருங்கவும் சுருங்காது. இரண்டில் எதுவானாலும் 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். அது அந்தக் கணினிக்குள்ளேயே ஒரு நோட்பேடு கோப்பில் இருந்து பயனில்லை. லினக்ஸில் எல்யூகேஎஸ் குறியாக்கம் போட்டிருந்தால் அதன் ஹெடரையும் தனியாகப் பிரதி எடுங்கள். அந்தச் சிறு பகுதி பழுதானால் கடவுச்சொல் தெரிந்தும் திறக்காது.

திறந்திருக்கும் கோப்புகளை விண்டோஸ் நிழல் நகல் வசதி வழியாக எடுக்கும். அது என்டிஎஃப்எஸ்ஸிலும் ரெஃப்எஸ்ஸிலும் வேலை செய்யும். எக்ஸ்ஃபேட்டில் உள்ள மூலக் கோப்புக்குச் செய்யாது. அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பையோ டேலி தரவையோ பென் டிரைவிலேயே வைத்து வேலை செய்பவர்கள், அவற்றை மூடிவிட்டுத்தான் பேக்கப்பைத் தொடங்க வேண்டும்.

ஒன்டிரைவில் மேகக் குறி மட்டும் காட்டும் கோப்புகள் உங்கள் டிஸ்க்கில் இல்லை. இருப்பது வெறும் பெயர்ப்பலகை. அவை பேக்கப்பில் வரவேண்டுமானால் ஃபோல்டரை வலது கிளிக் செய்து, எப்போதும் இந்தக் கணினியில் வைத்திருக்கும்படி மாற்றி, முழுதும் இறங்கும்வரை காத்திருங்கள்.

படி 4: வெறும் கோப்புப் பிரதிக்கான அமைப்புகள்

இழுத்துப் போட்டு காப்பி செய்வது பேக்கப் ஆகாது என்று சொல்ல மாட்டோம். ஆனால் எது தொலைகிறது என்று தெரிந்து செய்யுங்கள்.

விண்டோஸின் ரோபோகாப்பி கட்டளையைப் பயன்படுத்தினால் எக்ஸ்ஜே என்ற சுவிட்ச் கட்டாயம். விண்டோஸ் பயனர் ஃபோல்டருக்குள் தன்னையே சுட்டும் ஜங்ஷன்கள் (வேறு ஃபோல்டருக்கு வழிமாற்றும் குறிப்புகள்) இருக்கின்றன. அதைப் போடாவிட்டால் ஒன்றுக்குள் ஒன்றாகப் பாதை நீண்டுகொண்டே போகும். போய்ச் சேரும் டிஸ்க் ஃபேட் வகையாக இருந்தால் எஃப்எஃப்டி சுவிட்சைச் சேருங்கள். 2 வினாடி வித்தியாசத்தைப் பொருட்படுத்தாது. உரிமைகளும் வேண்டுமென்றால் காப்பிஆல். அது என்டிஎஃப்எஸ்ஸுக்குப் போகும்போதுதான் பொருள் தரும். எம்ஐஆர் சுவிட்ச் மூலத்தில் இல்லாததைப் பேக்கப்பிலும் அழிக்கும். மூலமும் இலக்கும் இடம் மாறிக் கட்டளை கொடுத்தவர்கள் ஒரே நொடியில் வெறும் டிஸ்க்கைப் பிரதி எடுத்திருக்கிறார்கள். முதலில் எல் சுவிட்சைப் போட்டு, என்ன செய்யும் என்ற பட்டியலை மட்டும் பாருங்கள்.

லினக்ஸில் ஆர்சிங்குக்குச் சின்ன ஏ மட்டும் போட்டால் ஹார்டு லிங்க், ஏசிஎல் (விரிவான உரிமைப் பட்டியல்), கூடுதல் பண்புகள் மூன்றும் விடுபடும். பெரிய எச், பெரிய ஏ, பெரிய எக்ஸ் மூன்றையும் சேருங்கள். இலக்கு ஃபேட்32 ஆனால் மாடிஃபை-விண்டோ ஆப்ஷனுக்கு 1 என்று கொடுங்கள்.

படி 5: மீட்புப் பென் டிரைவ்

இன்றைய கணினிகளின் தொடக்க மென்பொருளான யூஇஎஃப்ஐ எங்கும் நம்பகமாகப் படிப்பது ஃபேட்32. ஆகவே கணினி பூட் ஆகாத நாளில் உதவும் மீட்புப் பென் டிரைவ் ஃபேட்32-இல் இருக்கும், அதே பென் டிரைவில் 60 ஜிபி இமேஜை வைக்க முடியாது. 2 ஜிபிக்கு ஃபேட்32 பார்ட்டிஷன் ஒன்று, மீதிக்கு என்டிஎஃப்எஸ் ஒன்று என்று பிரித்தால் இரண்டும் ஒரே பென் டிரைவில் அடங்கும்.

செய்து முடித்ததும் அதில் பூட் செய்து பாருங்கள். பார்க்க வேண்டியவை இரண்டு: உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி தெரிகிறதா, பேக்கப் டிஸ்க் தெரிந்து திறக்கிறதா. 11-ஆம் தலைமுறையிலிருந்து வரும் இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் விஎம்டி என்ற அமைப்பு இயங்குவதால் மீட்புச் சூழலில் எஸ்எஸ்டியே காணாமல் போகும். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கிப் பென் டிரைவில் சேர்த்துவிட்டால் வந்துவிடும். டிஸ்க் செத்த அன்று வேறு கணினி தேடி இந்த டிரைவரை இறக்குவது பெரிய அலைச்சல்.

படி 6: ஐந்து கோப்புச் சோதனை

'பேக்கப் வெற்றி' என்ற பச்சை டிக் குறிக்கு, எழுதும்போது பிழை வரவில்லை என்பதற்கு மேல் பொருளில்லை. ஒரு சோதனை ஃபோல்டரில் இவற்றை வையுங்கள்: 5 ஜிபி அளவுள்ள ஒரு கோப்பு, 'கொடைக்கானல் போட்டோ' என்று தமிழில் பெயர் வைத்த ஒன்று, 80 குறியீட்டுக்கு மேல் நீளும் தமிழ்ப் பெயருள்ள ஒன்று, ஒரு பயனர் மட்டும் திறக்கும்படி உரிமை மாற்றிய ஒன்று, ஒரு சிம்பாலிக் லிங்க். பேக்கப் எடுங்கள். பிறகு அதே இடத்தில் அல்லாமல் வேறு டிஸ்க்கில், முடிந்தால் வேறு கணினியில், ரெஸ்டோர் செய்யுங்கள். பெயர், அளவு, தேதி, உரிமை நான்கையும் ஒப்பிடுங்கள். பெரிய கோப்புக்கு எஸ்எச்ஏ-256 மதிப்பை (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்ணை) இரு பக்கமும் கணக்கிட்டுப் பாருங்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில், லினக்ஸில் எஸ்எச்ஏ256சம் என்ற கட்டளைகள் உண்டு. அரை மணி நேர வேலை. மென்பொருளின் பெரிய பதிப்பு மாறும்போதெல்லாம் மறுபடி செய்யுங்கள்.

பேக்கப் இல்லை, தரவு போய்விட்டது என்றால்

முதலில் எழுதுவதை நிறுத்துங்கள். அந்த டிஸ்க்கிலேயே ரெக்கவரி மென்பொருளை நிறுவுவதும் ஒரு எழுத்துதான். டிஸ்க்கிலிருந்து கடகடவென்று சத்தம் வந்தால் கரண்டை எடுத்துவிட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். மென்பொருளால் ஆகாத வேலை அது.

'சரிசெய்யவா?' என்று விண்டோஸ் கேட்டதும் செக்டிஸ்க் என்ற சரிசெய்யும் கருவியை ஓடவிடாதீர்கள். அதன் நோக்கம் ஃபைல் சிஸ்டத்தைச் சீராக்குவது, உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவதல்ல. ஒட்டாத பதிவுகளை வெட்டி ஒரு ஃபவுண்டு ஃபோல்டரில் பெயரில்லாத துண்டுகளாகப் போட்டுவிடும். மீட்பு மென்பொருளுக்குத் தேவையான தடயமும் அதோடு போகும்.

முதல் வேலை இமேஜ் எடுப்பது. குனு டிடிரெஸ்க்யூ என்ற கருவி இதற்கு ஏற்றது. வரைபடக் கோப்பு ஒன்றைக் கட்டாயம் கொடுங்கள்; எதைப் படித்தோம், எது பாக்கி என்று அதில் குறித்துக்கொள்வதால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் சுற்றில் சின்ன என் ஆப்ஷன் போட்டு எளிதில் படிக்கக்கூடியதை அள்ளுங்கள். பிறகு ஆர் ஆப்ஷனுக்கு 3 கொடுத்துக் கடினமான செக்டர்களுக்கு மூன்று முறை முயலுங்கள். இமேஜ் போய்ச் சேரும் டிஸ்க் மூலத்தைவிடப் பெரிதாக, ஃபேட்32 அல்லாததாக இருக்க வேண்டும். 500 ஜிபி டிஸ்க்கின் இமேஜ் 500 ஜிபிதான். இனி எல்லா முயற்சியும் அந்த இமேஜின் மேல்.

எவ்வளவு கிடைக்கும் என்பதை ஃபைல் சிஸ்டமே பெரிதும் தீர்மானிக்கிறது. என்டிஎஃப்எஸ்ஸில் கோப்பை அழித்தால் எம்எஃப்டி என்ற மையக் கோப்புப் பட்டியலில் அதன் பதிவில் 'பயன்பாட்டில் இல்லை' என்று ஒரு கொடி மாறும். பெயரும், தரவு டிஸ்க்கில் எங்கெங்கே கிடக்கிறது என்ற பட்டியலும் அந்தப் பதிவு மறுபயன்பாட்டுக்குப் போகும்வரை அப்படியே இருக்கும். ஆகவே பெயரோடும் ஃபோல்டரோடும் மீள வாய்ப்பு அதிகம். ஃபேட்32-இல் பெயரின் முதல் பைட் மாற்றப்பட்டு, கிளஸ்டர் சங்கிலியும் துடைக்கப்படும். தொடக்க இடமும் அளவும் தெரியும், நடுவே எங்கே தாவியது என்பது தெரியாது. தொடர்ச்சியாக எழுதப்பட்ட போட்டோ முழுதாக வரும். துண்டு துண்டாக எழுதப்பட்ட கல்யாண வீடியோ பாதியில் பச்சைக் கட்டங்களாக உடையும். எக்ஸ்ஃபேட் தொடர்ச்சியான கோப்புகளுக்குச் சங்கிலியே எழுதுவதில்லை, அதனால் அவற்றை மீட்பது எளிது. எக்ஸ்ட்4 அழிக்கும்போது ஐநோடு என்ற கோப்பு விவரப் பதிவில் உள்ள இடக்குறிப்பையே நீக்கிவிடும். ஜர்னலில் பழைய பிரதி மிச்சமிருந்தால் எக்ஸ்ட்அன்டெலீட் போன்றவை பிடிக்கலாம், இல்லையென்றால் பெயரில்லாத மீட்புதான்.

அந்தப் பெயரில்லாத மீட்புக்கு ஃபோட்டோரெக். அது ஃபைல் சிஸ்டத்தைப் பார்ப்பதே இல்லை. ஜேபெக், பிடிஎஃப் போன்றவற்றின் தொடக்க அடையாளத்தைத் தேடி எடுக்கும். பெயர், தேதி, ஃபோல்டர் எதுவும் வராது. அதன் கூட்டாளியான டெஸ்ட்டிஸ்க், தொலைந்த பார்ட்டிஷன் அட்டவணையையும் என்டிஎஃப்எஸ், ஃபேட் பூட் செக்டர்களையும் திரும்பக் கட்டும். ஃபைல் சிஸ்டம் அடையாளம் தெரியாமல் டிஸ்க் 'ரா' என்று காட்டினால் முதலில் டெஸ்ட்டிஸ்க், பிறகுதான் ஃபோட்டோரெக். வரிசை மாறினால் பெயரோடு கிடைத்திருக்கக்கூடிய 40,000 படங்களைப் பெயரில்லாமல் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

எஸ்எஸ்டியில் இந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் செல்லாது. அழித்த சிறிது நேரத்தில் டிரிம் கட்டளை ('இந்த இடம் இனி வேண்டாம்' என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) போய், அந்த இடங்கள் வெறும் பூஜ்யமாகத் திரும்பும். எந்த மென்பொருள் எவ்வளவு விலையானாலும் பூஜ்யத்திலிருந்து ஒன்றும் எடுக்காது. டி2 சிப் உள்ள மேக்குகளிலும் ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளிலும் உள்சேமிப்பு வன்பொருளிலேயே குறியாக்கம் ஆகிறது, ஆகவே சிப்பைக் கழற்றிப் படிக்கும் வழியும் இல்லை. ஹார்டு டிஸ்க்கில் குயிக் ஃபார்மேட் ஆகியிருந்தால் நம்பிக்கை உண்டு. விஸ்டாவிலிருந்து வரும் விண்டோஸ் பதிப்புகளில் முழு ஃபார்மேட் பூஜ்யத்தை எழுதிவிடுவதால் அதற்குப் பின் இல்லை.

வெளி ஹார்டு டிஸ்க்கின் யூஎஸ்பி பலகை கெட்டது என்று டிஸ்க்கைக் கழற்றி நேராக சாட்டா கேபிளில் மாட்டும்போது 'ஃபார்மேட் ஆகவில்லை' என்று வந்தால் பதறாதீர்கள். சில பலகைகள் 512 பைட் செக்டரை 4096 பைட்டாக மாற்றிக் காட்டும். சில, தரவையே குறியாக்கம் செய்து எழுதும். இரண்டிலும் தரவு அங்கேயேதான் இருக்கிறது. முதல் வகைக்குச் செக்டர் அளவை 4096 என்று வைத்து ஸ்கேன் செய்யும் மென்பொருள் போதும். இரண்டாம் வகைக்கு அதே மாடல் பலகை வேண்டும்.

சிசிடிவி கேமராவின் பதிவுப் பெட்டியான டிவிஆரின் டிஸ்க்குகளில் பல, விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் தெரியாத சொந்த அமைப்பில் எழுதுபவை. கணினியில் மாட்டினால் காலியாகத் தெரியும், ஃபார்மேட் கேட்கும். மறுத்துவிட்டு, அதே டிவிஆரில் திரும்ப மாட்டி, அதன் எக்ஸ்போர்ட் மெனு வழியாகப் பென் டிரைவுக்கு எடுங்கள். பழைய டிவிஆர்கள் பல ஃபேட்32 பென் டிரைவை மட்டுமே ஏற்கும். மறுத்தால் முதலில் அதைச் சரிபாருங்கள். டிவிஆரே எரிந்துவிட்டிருந்தால் அதே மாடலைத் தேடுங்கள். ஆனால் புது டிவிஆரில் மாட்டும் முன் டிஸ்க்கை இமேஜ் எடுத்துவிடுங்கள், சில மாடல்கள் தெரியாத டிஸ்க்கைக் கண்டதும் கேட்காமலே ஃபார்மேட் செய்துவிடும்.